சிறுநீரகப் புற்றுநோய் நாலாம் நிலை: முதல் மருந்தாக எதைத் தேர்வது? (அப்பா, வயது 62)

செல்வி62

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு எடை 52 கிலோ. இடது சிறுநீரகத்தில் 9 செ.மீ. கட்டி. இரண்டு நுரையீரலிலும் முடிச்சுகள், பெரியது 1.8 செ.மீ. வலது தொடை எலும்பின் மேல்பகுதியில் ஒரு இடம், நடந்தால் வலி. ஊசி பயாப்ஸியில் 'கிளியர் செல், கிரேடு 3, சார்கோமடாய்டு தன்மை இல்லை' என்று வந்திருக்கிறது (கிளியர் செல் என்பது சிறுநீரகப் புற்றின் பொதுவான வகை, சார்கோமடாய்டு என்பது இன்னும் மூர்க்கமான செல் மாற்றம்). கண்டுபிடித்து ஐந்து வாரம் ஆகிறது, ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை.

ரத்தப் பரிசோதனை, அடைப்புக்குறிக்குள் லேப் எல்லை: ஹீமோகுளோபின் 10.4 (கீழ் எல்லை 13), நியூட்ரோபில் 6,100 (மேல் எல்லை 7,000), பிளேட்லெட் 3.9 லட்சம் (4.1), கால்சியம் 9.9 (10.5), அல்புமின் 2.8, கிரியேட்டினின் 1.3. சுகர், பிபி இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

ஐஎம்டிசி கணக்கில் (பரவிய சிறுநீரகப் புற்றின் அபாயத்தைப் புள்ளி போட்டுக் கணிக்கும் முறை) எனக்கு 2 புள்ளி வருகிறது (ஹீமோகுளோபின், ஒரு வருடத்துக்குள் மருந்து தொடங்குவது). அப்படியென்றால் நடுத்தர அபாயம், சரிதானே? டாக்டர் இரண்டு வழி சொல்லியிருக்கிறார்: நிவோலுமாப் + இபிலிமுமாப் (இரண்டும் இம்யூனோதெரபி டிரிப், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுபவை), அல்லது பெம்ப்ரோலிசுமாப் + ஆக்சிடினிப் (ஒரு இம்யூனோதெரபி டிரிப்பும் ஒரு மாத்திரையும்). எதைத் தேர்ந்தெடுப்பது, எந்த அடிப்படையில்? சிறுநீரகத்தை முதலில் எடுத்துவிட வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள், அதுவும் தெரிய வேண்டும். முழு அளவில் இரண்டு வருடம் செலவு செய்யும் நிலையில் நாங்கள் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

---

நடுநிசி_வார்டு

செல்வி, கேள்வியை ரிப்போர்ட்டோடு போட்டதற்கு நன்றி. பாதிப் பேர் 'எந்த மருந்து நல்லது' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முதலில் கணக்கு. 2 புள்ளி தவறு. ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 9.9-ஐ அப்படியே எடுக்கக் கூடாது. கால்சியத்தில் ஒரு பெரிய பங்கு அல்புமினோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. அல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைத்துக் காட்டும். திருத்தும் முறை: அளந்த கால்சியம் + 0.8 × (4 − அல்புமின்). உங்கள் அப்பாவுக்கு 0.8 × 1.2 = 0.96. ஆக 10.86. லேப் எல்லை 10.5. ஒரு புள்ளி ஏறிவிட்டது, மொத்தம் 3. ஐஎம்டிசியில் 0 என்றால் நல்ல பிரிவு, 1-2 நடுத்தரம், 3 அல்லது அதற்கு மேல் என்றால் மோசமான பிரிவு.

இன்னொன்று, கார்னோஃப்ஸ்கி மதிப்பு, அதாவது அன்றாட வேலையைச் செய்யும் திறனுக்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண். தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார், ஆனால் வழக்கமான வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அது 70. 80-க்குக் கீழே இருந்தால் அதுவும் ஒரு புள்ளி. ஆனால் தொடை வலியால் மட்டுமே முடங்கியிருந்தால் வலியைக் கவனித்த பிறகு மறுபடி மதிப்பிடச் சொல்லுங்கள். நியூட்ரோபில் எண்ணிக்கையும் ஸ்டீராய்டு ஊசி போட்ட மறுநாளோ காய்ச்சலோடு இருக்கும்போதோ எடுத்தால் கூடித்தான் நிற்கும். அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

இந்த 3-ஆல் மருந்துப் பட்டியல் மாறாது. நடுத்தரமும் மோசமும் மருந்து விஷயத்தில் ஒரே கூடைதான். இன்னும் உறுதியாவது ஆபரேஷன் பற்றிய பதில். 2018-இல் வந்த கார்மெனா ஆய்வில் 450 பேர். ஒரு பாதிக்குச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டுச் சுனிடினிப் (முந்தைய காலத்து மாத்திரை), மறுபாதிக்குச் சுனிடினிப் மட்டும். இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 13.9 மாதத்துக்கு எதிராக 18.4 மாதம், அதாவது எடுக்காதவர்கள் பின்தங்கவில்லை. அது பழைய மருந்துக் காலத்து ஆய்வு என்று வாதிடலாம். ஆனாலும் 3 புள்ளி இருப்பவருக்கு முதலில் கத்தி வைத்தால், ஆறுவதற்குப் போகும் ஐந்தாறு வாரத்தில் நுரையீரல் முடிச்சு வளர்ந்துவிடும் என்ற ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. மருந்து வேலை செய்து மற்ற இடங்கள் அடங்கினால் பிறகு எடுப்பதைப் பேசலாம். சிறுநீரில் ரத்தம் நிற்காமல் போனால் அது வேறு கதை. அப்போதும் ரத்தக்குழாயை அடைக்கும் எம்பொலைசேஷனை முதலில் கேளுங்கள்.

மூளை எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டதா? நீங்கள் எழுதவில்லை. அறிகுறி இல்லாவிட்டாலும் மருந்து தொடங்கும் முன் ஒன்று எடுத்துவிடுவது நல்லது.

---

எக்ஸ்ரே_கண்ணாடி

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் இந்தக் கேஸில் மருந்துக்கு முன்னால் நிற்பது தொடை எலும்பு. நடந்தால் வலி என்பதே எச்சரிக்கை. எலும்பு நிபுணர் ஒரு எக்ஸ்ரேவும் சி.டி.யும் பார்த்து எலும்புச் சுவர் எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். உடையும் நிலை என்றால் கம்பி வைத்துத்தான் ஆக வேண்டும். உடைந்த பிறகு வைப்பது இரட்டை வேலை.

சிறுநீரகப் புற்றின் எலும்புக் கட்டி ரத்தக் குழாய்கள் நிறைந்தது. கம்பி வைக்கும் முன் அந்த இடத்துக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டு, ஓரிரு நாளுக்குள் ஆபரேஷன் செய்வார்கள். அடைக்காமல் திறந்தால் டேபிளிலேயே பெரும் ரத்தப்போக்கு ஏற்படும். ஆபரேஷன் தேதி குறிக்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். மற்றப் புற்றுகளின் எலும்புக் கட்டியைப் பார்த்தே பழகிய இடத்தில் இது விட்டுப்போகும்.

இது மருந்துத் தேர்விலும் மூக்கை நுழைக்கும். ஆக்சிடினிப், கேபோசான்டினிப், லென்வாடினிப் எல்லாம் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுப்பவை, காயம் ஆறுவதையும் தடுக்கும். கம்பி வைத்துக் காயம் நன்றாக மூடும்வரை, குறைந்தது இரண்டு வாரம், மாத்திரையைத் தொடங்கக் கூடாது. நிவோலுமாப்-இபிலிமுமாப் ஜோடிக்கு அந்தத் தடை இல்லை. பெம்ப்ரோலிசுமாப் டிரிப்பை மட்டும் முதலில் போட்டுவிட்டு மாத்திரையைப் பின்னால் சேர்ப்பதும் உண்டு.

எலும்பு ஊசி (சோலெட்ரானிக் அமிலம்) எழுதுவார்கள். கிரியேட்டினின் 1.3 என்றால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை 62 வயது, 52 கிலோவுக்குக் கணக்குப் போட்டால்: (140 − 62) × 52 ÷ (72 × 1.3) = நிமிடத்துக்கு 43 மி.லி. இந்த அளவுக்கு 4 மி.கி. இல்லை, 3.3 மி.கி. ஊசிக்கு முன் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, ஆறவிட வேண்டும். அந்த ஊசியும் கேபோசான்டினிப் மாதிரி மாத்திரையும் சேர்ந்திருக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு அழுகும் அபாயம் கூடும்.

---

மருந்துப்பெட்டி

மருந்துக்கு வருவோம். பரவலாகப் பேசப்படும் ஜோடிகள் நாலு. எல்லாமே பெரும் ஆய்வில் சுனிடினிப்பை வென்றவை. ஒன்றோடொன்று நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு இல்லை. ஆகவே ஒரு ஆய்வின் சதவீதத்தை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து 'இது ஜெயித்தது' என்று சொல்வதை நம்பாதீர்கள்.

நிவோ-இபி (செக்மேட் 214 ஆய்வு): நடுத்தர, மோசமான பிரிவில் எட்டு வருடத் தொடர் பார்வையில் இடைநிலை ஆயுள் 46.7 மாதம், சுனிடினிப்புக்கு 26. கட்டி சுருங்குவது நூற்றுக்கு 42 பேருக்கு. சுருங்கியவர்களில் பலருக்குப் பல வருடம் நீடிப்பதுதான் இதன் பெருமை. பலவீனம்: ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு முதல் ஸ்கேனிலேயே வளர்ந்திருக்கும்.

பெம்ப்ரோ-லென்வாடினிப் (கிளியர் என்ற பெயருள்ள ஆய்வு): சுருங்குவது 71 சதவீதம், வளராமல் நின்ற காலம் 23.9 மாதம். விலை உடம்பில் தெரியும். பத்தில் ஏழு பேருக்கு லென்வாடினிப் அளவைக் குறைக்க வேண்டி வந்தது. 52 கிலோ, அல்புமின் 2.8 உள்ளவருக்கு 20 மி.கி. முழு அளவில் தொடங்க நான் தயங்குவேன்.

பெம்ப்ரோ-ஆக்சிடினிப் (கீநோட் 426) சுருங்குவதில் 60 சதவீதம், நிவோ-கேபோசான்டினிப் (செக்மேட் 9ஈஆர்) 56 சதவீதம். எலும்பில் பரவியிருந்தால் கேபோசான்டினிப் பக்கம் சாய்பவர்கள் நிறையப் பேர்.

சுருக்கமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்த மூன்று மாதத்தில் கட்டி சுருங்கியே ஆக வேண்டுமா? மூச்சுத் திணறல், கடும் வலி, ஏறும் கால்சியம், வேகமாக இறங்கும் எடை இருந்தால் ஆமாம். அப்போது மாத்திரை உள்ள ஜோடி. ஐந்தில் ஒருவர் தோற்கும் சூதாட்டத்தை அவரால் தாங்க முடியாது. உடம்பு தெம்பாக இருந்து நோய் மெதுவாக நகர்ந்தால் நிவோ-இபி. சார்கோமடாய்டு இருந்தாலும் நிவோ-இபிக்கு நல்ல வாதம் உண்டு, இங்கே அது இல்லை. முடக்குவாதம், குடல் அழற்சி, சொரியாசிஸ் மாதிரி ஏதாவது அப்பாவுக்கு உண்டா? இருந்தால் இபிலிமுமாப் பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டும். தைராய்டு மாத்திரை சாப்பிடுவது தடை இல்லை.

என் ஓட்டு பெம்ப்ரோ-ஆக்சிடினிப்புக்கு. காரணம் ஆக்சிடினிப் உடம்பில் தங்கும் நேரம். சில மணி நேரத்தில் பாதி போய்விடும். இந்த ஜோடியில் வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையாலா, இம்யூனோதெரபியாலா என்று தெரியாது. ஆக்சிடினிப்பை நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் நின்றால் மாத்திரை. நிற்காமல் போனாலோ ரத்தம், சளி கலந்தாலோ குடலைத் தாக்குவது இம்யூனிட்டி. அதற்கு ஸ்டீராய்டு வேண்டும், லோபெரமைடு (வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை) கொடுத்து மூடி மறைக்கக் கூடாது. கேபோசான்டினிப் பாதியாகக் குறையவே நாலு நாள் ஆகும், அதை வைத்து இந்தச் சோதனை செய்ய முடியாது.

மாத்திரை விவரம். ஆக்சிடினிப் 5 மி.கி. காலை, மாலை, சாப்பாட்டோடும் போடலாம், இல்லாமலும் போடலாம். விட்டுப்போன வேளையை அடுத்த வேளையில் சேர்த்துப் போடக் கூடாது. குறைக்கச் சொன்னால் 3 மி.கி., அதாவது 1 மி.கி. மாத்திரை மூன்று. 5 மி.கி.யை உடைத்து வைக்காதீர்கள். கேபோசான்டினிப் எழுதினால் நிவோவோடு சேரும்போது அளவு 40, தனியாக என்றால் 60. கடையில் 60 அட்டையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரம், பின் ஒரு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

பம்பளிமாஸ் வேண்டாம். நுரையீரல் முடிச்சைப் பார்த்து யாராவது காசநோய் மருந்து ஆரம்பித்திருந்தால் உடனே சொல்லுங்கள். அதில் இருக்கும் ரிஃபாம்பிசின், ஆக்சிடினிப், கேபோசான்டினிப் இரண்டிலும் நாலில் மூன்று பங்குக்கு மேல் வேலை செய்யவிடாமல் அடித்துவிடும். கல்லீரலுக்கு என்று கஷாயம் கொடுப்பதும் வேண்டாம். எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறினால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாமல் போகும்.

---

செல்வி62

ரொம்ப நன்றி. எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டது, மூளையில் ஒன்றும் இல்லை. முடக்குவாதம் போன்றவை இல்லை. எலும்பு டாக்டர் திங்கட்கிழமை பார்க்கிறார். செலவு பற்றி யாரும் சொல்லவில்லையே? நிவோலுமாப் 20 மி.கி. போட்டாலே போதும் என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார்கள்.

---

நடுநிசி_வார்டு

அந்த 20 மி.கி. கதை வெறும் வதந்தி இல்லை. மும்பை டாடா மெமோரியலில் தலை-கழுத்துப் புற்றுக்குச் செய்த ஆய்வு, 2022-இல் வெளியானது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மி.கி. சேர்த்தவர்கள் சேர்க்காதவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் அது வேறு புற்று, முழு அளவோடு ஒப்பிட்டதும் இல்லை. சிறுநீரகத்துக்கு அதை நிரூபணம் என்று எடுத்துவரக் கூடாது. வேறு வழியே இல்லாதபோது டாக்டர் வெளிப்படையாகச் சொல்லிச் செய்யலாம், அவ்வளவுதான்.

அதைவிட உறுதியான வழி எடைக் கணக்கு. பெம்ப்ரோலிசுமாப் அட்டையில் 200 மி.கி. என்று இருக்கும், அதாவது 100 மி.கி. பாட்டில் இரண்டு. ஆனால் இந்த மருந்து முதலில் வந்தபோது அளவு கிலோவுக்கு 2 மி.கி. கனடாவில் இன்றும் கிலோவுக்கு 2, உச்சவரம்பு 200 என்று கொடுக்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு 52 × 2 = 104. பத்து சதவீதத்துக்குள் முழு பாட்டிலுக்கு வட்டமாக்குவது வழக்கம், ஆகவே 100, ஒரே பாட்டில். செலவு நேர் பாதி. டாக்டரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டியே கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நிவோ-இபியிலும் முதல் நாலு முறை எடைக் கணக்குத்தான்: நிவோ கிலோவுக்கு 3, அதாவது 156. நாலு 40 மி.கி. பாட்டில் 160, அது போதும். 100 பாட்டில் இரண்டு திறந்தால் 44 மி.கி. சாக்கடைக்குப் போகும். இபி கிலோவுக்கு 1, ஒரு 50 மி.கி. பாட்டில். இபிலிமுமாப் உங்கள் மருத்துவமனைக்குத் தடையில்லாமல் வருமா என்பதை ஆரம்பிக்கும் முன்பே கேட்க வேண்டும். மூன்று வார இடைவெளியில் நாலு டோஸ் என்பது பாதியில் நிற்கும் விஷயம் இல்லை.

தயாரிக்கும் நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டம் உண்டா என்பதையும் முதல் பாட்டில் வாங்கும் முன் விசாரியுங்கள், பின்னால் போய்ச் சேருவது கடினம். மாநிலக் காப்பீட்டு அட்டை இருந்தால் காப்பீட்டு மேசையில் மருந்தின் பெயரைச் சொல்லி, அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'கேன்சருக்கு உண்டு' என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

டிரிப் எதுவுமே முடியாது என்றால் கேபோசான்டினிப் 60 தனியாக. நடுத்தர, மோசமான பிரிவில் 157 பேரை வைத்து நடந்த கேபோசன் ஆய்வில் அது சுனிடினிப்பைவிட நோயைக் கூடுதல் காலம் நிறுத்தியது. ஜோடி அளவுக்கு இல்லை. ஆனால் ஜோடியை இரண்டு டோஸோடு பணம் தீர்ந்து நிறுத்துவதைவிட இது மேல்.

---

எக்ஸ்ரே_கண்ணாடி

மருந்துப்பெட்டியோடு ஒரு இடத்தில் நான் மாறுபடுகிறேன். திங்கட்கிழமை கம்பி வைக்க வேண்டும் என்று முடிவானால் ஆக்சிடினிப் எப்படியும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். அந்த இடைவெளியில் பெம்ப்ரோ மட்டும் ஓடும். 'வேகமாகச் சுருக்கும் ஜோடி' என்ற வாதம் அங்கே கொஞ்சம் பலவீனம் ஆகிறது. அப்படியானால் நிவோ-இபியை ஒதுக்கிவிடாதீர்கள். கம்பி வேண்டாம், கதிர்வீச்சு மட்டும் போதும் என்றால் நானும் ஆக்சிடினிப் பக்கம்தான்.

---

மருந்துப்பெட்டி

ஒப்புக்கொள்கிறேன், திங்கட்கிழமை முடிவு வரட்டும். அதற்குள் செய்ய வேண்டியவை: டிஎஸ்ஹெச், காலை கார்டிசால், ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்ஐவி, ஹெச்பிஏ1சி, சிறுநீர்ப் புரதம், ஈசிஜி, எக்கோ. இவை அடிப்படை எண்கள். பின்னால் ஒன்று ஏறும்போது முன்னால் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் தவிப்பார்கள். வீட்டில் பிபி மெஷின் ஒன்று. மாத்திரை தொடங்கிய முதல் மாதம் காலை, மாலை எழுதி வையுங்கள். பிபி முதல் சில நாட்களிலேயே ஏறும். 150/90 தாண்டினால் போன் செய்யுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு தேவைப்பட்டால் சுகர் தாறுமாறாகும், சுகர் டாக்டருக்கும் முன்பே சொல்லிவையுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். பிபி மாத்திரையின் முழுப் பெயர் என்ன? எலும்புக்கு என்று கால்சியம், விட்டமின் டி ஏதாவது கொடுக்கிறீர்களா?

---

செல்வி62

அட்டையைப் பார்த்தேன். டெல்மிசார்டான் 40 ஹெச். தொடை வலிக்குப் பக்கத்து கிளினிக்கில் கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள், ஒரு மாதமாகத் தினம் இரண்டு சாப்பிடுகிறார்.

---

மருந்துப்பெட்டி

நினைத்தேன். அந்த 'ஹெச்' என்பது ஹைட்ரோகுளோரோதையாசைடு. அது சிறுநீர் வழியாகக் கால்சியம் போவதைத் தடுக்கும். கூடவே தினம் இரண்டு கால்சியம் மாத்திரை. 10.86-இல் எவ்வளவு நோயால், எவ்வளவு இதனால் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

கால்சியம் மாத்திரையை நிறுத்தலாமா என்று இன்றே போனில் கேட்டு நிறுத்துங்கள். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹெச் இல்லாத டெல்மிசார்டானோடு அம்லோடிபின் சேர்த்து மாற்றித் தரச் சொல்லுங்கள். டில்டியாசெம், வெராபமில் எழுதினால் ஆக்சிடினிப் வரப்போகிறது என்று நினைவூட்டுங்கள், அவை அதன் அளவை ரத்தத்தில் ஏற்றும். நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். ஒரு வாரம் கழித்துக் கால்சியமும் அல்புமினும் ஒரே ரத்த மாதிரியில், முடிந்தால் அயனைஸ்டு கால்சியமும் (அல்புமினோடு ஒட்டாமல் ஓடும் பங்கு). எலும்பு ஊசி போடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். ஊசி கால்சியத்தை இறக்கிவிடும், அதற்குப் பிறகு அளந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

இறங்கி 2 புள்ளிக்கு வந்தாலும் சிறுநீரகத்தை முதலில் எடுக்கும் யோசனை திரும்ப வராது, மருந்துப் பட்டியலும் அதேதான். இந்த ரிசல்ட்டுக்காக முதல் டோஸைத் தள்ளிப்போட வேண்டாம். வாந்தி, மயக்கம், குழப்பம், மலச்சிக்கல், ஓயாத தாகம் இதில் எது வந்தாலும் ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள்.